மஞ்சள் விளக்கின் பூர்வீகம்

எங்கள் வீட்டு எஸ்யூவிக்கும் என் பெண்ணுக்கும் ஒரே வயது. அவள் பிறந்த 2006-இல் புதிதாக வாங்கியது. நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, 1,68,000 மைல் ஓடியிருக்கிறது. போன வருஷம் அவள் கல்லூரிக்குக் கிளம்ப ஆறு வாரம் இருந்தபோது, "அப்பா, அந்த வண்டியை நான் எடுத்துக்கறேன்" என்றாள். எனக்கும் சந்தோஷம். அந்த வாரமே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. என்ஜின் படம் போட்ட அந்தச் சின்ன விளக்கைப் பார்க்காத கார்க்காரர் யாரும் இருக்க மாட்டார்கள்.

வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லை. ஸ்டார்ட் ஆனது, இழுத்தது, மைலேஜ் குறையவில்லை. ஆனால் நாங்கள் இருப்பது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம். கலிபோர்னியாவில் பழைய வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு. அந்த விளக்கு எரிந்தால் அங்கேயே தோல்வி. சோதனையில் தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பதிவு இல்லாத வண்டியில் பெண்ணை நானூறு மைல் அனுப்ப முடியாது. கையில் இருந்தது ஆறு வாரம்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். இருபது டாலருக்கு ஒரு ஸ்கேனர் வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினேன். பி0420 என்று காட்டியது. இணையத்தில் தேடினால் பாதிப் பேர் 'பின்பக்க ஆக்சிஜன் சென்சாரை மாற்று' என்கிறார்கள். 96 டாலர் கொடுத்து மாற்றினேன். கோடை அழித்தேன். விளக்கு அணைந்தது. ஏதோ சாதித்துவிட்டதாக வீட்டில் பெருமையடித்தேன். பதினோராம் நாள் விளக்கு திரும்பி வந்தது.

அடுத்து ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர்களும் அதே மாதிரி ஸ்கேனரைச் செருகினார்கள், அதே எண்ணைப் பார்த்தார்கள். "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போச்சு, 2,400 டாலர் ஆகும்" என்றார்கள். வண்டியின் மதிப்பே அதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும்.

பிழையைப் பார்த்தவுடன் கோடை மாற்றாதே, முதலில் அந்தப் பிழைச் செய்தியை எழுதினவன் எதை மனசில் வைத்து எழுதினான் என்று பார் என்று ஆபீசில் சின்னப் பசங்களுக்குப் பாடம் எடுக்கிற ஆள் நான். என் சொந்த வண்டியில் அதைச் செய்யவில்லை. சரி, இப்போதாவது செய்வோம் என்று உட்கார்ந்தேன். இந்த விளக்கை யார், எதற்காக வைத்தார்கள்? அந்தத் தேடல் என்னை 1943-க்குக் கொண்டுபோய் விட்டது. அதுவும் வேறெங்கோ இல்லை, எங்கள் ஊருக்கே.

1943: மாற்றப்பட்ட தவறான பாகம்

1943 ஜூலை மாதத்தில் ஒரு நாள், லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு மூட்டம் இறங்கியது. கண் எரிந்தது, தொண்டை கரித்தது, சில தெருக்கள் தள்ளி இருக்கும் கட்டடம் தெரியவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜப்பான்காரர்கள் விஷவாயு வீசிவிட்டார்கள் என்றுகூடச் சிலர் பயந்தார்களாம்.

மக்கள் கோபத்துக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். அலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்காக பியூட்டடைன் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. போர்க்கால அவசரத்தில் வந்தது, நாற்றமும் அடித்தது. கை அதை நோக்கி நீண்டது. எதிர்ப்பு வலுத்து, ஆலையைக் கொஞ்ச காலம் மூடினார்கள். மூட்டம் மட்டும் போகவில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நான் மாற்றின 96 டாலர் சென்சார்தான் அந்த அலிசோ தெரு ஆலை. கண்ணுக்கு முன்னால் இருக்கும் பாகத்தை முதலில் மாற்றுவது மனுஷ சுபாவம் போலிருக்கிறது.

1947-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி, காற்று மாசைக் கட்டுப்படுத்தத் தனியாக ஒரு அமைப்பைத் தொடங்கியது. அப்போது இருந்த அனுபவமெல்லாம் நிலக்கரி நகரங்களின் அனுபவம். செயின்ட் லூயிஸ், பிட்ஸ்பர்க், லண்டன் எல்லாம் நிலக்கரிப் புகையில் திணறிய ஊர்கள். அங்கே கந்தகம்தான் வில்லன். அதனால் இங்கேயும் கந்தகத்தைத் துரத்தினார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், ஃபவுண்டரிகள், வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கும் அடுப்புகள் என்று ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு வந்தது. கொல்லைக் குப்பை அடுப்புகளுக்கு 1957-இல் முழுத் தடையே வந்தது. இவையெல்லாம் தேவையான வேலைகள்தான், கொஞ்சம் பலனும் இருந்தது. ஆனால் கண் எரிச்சல் நிற்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. லண்டன் பனிப்புகை குளிர்காலத்தில், ஈரத்தில், இருட்டில் வரும். லாஸ் ஏஞ்சலஸில் வந்ததோ நல்ல வெயில் காலத்தில், பளிச்சென்ற பகலில். பெயர் ஒன்றாக இருந்தாலும் நோய் வேறு.

அன்னாசிப் பழமும் அழுக்குக் காற்றும்

நோய் வேறு என்று காட்டியவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தின் உட்ரெக்டில் பிறந்தவர், பாசடீனாவில் உள்ள கால்டெக்கில் வேதியியல் பேராசிரியர். மாசுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்னாசிப் பழத்தின் மணம் எந்த வேதிப்பொருள்களால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். மணத்தைப் பிடிக்க அவர் வைத்திருந்த கருவி, ஆவியைக் கடுமையாகக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேகரிக்கும். அதே கருவிக்குள் ஊர்க் காற்றை இழுத்துப் பார்த்தார். கிடைத்தது பழுப்பு நிறத்தில், நாற்றமெடுக்கும் சில துளிகள்.

அதைப் பகுத்துப் பார்த்து அவர் கண்டது இதுதான். பெட்ரோல் ஆவியிலும் புகையிலும் இருக்கும் ஹைட்ரோகார்பன், என்ஜின் சூட்டில் உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடு, இரண்டும் வெயிலில் சேர்ந்து சமைகின்றன. கிடைக்கும் பண்டத்தில் முக்கியமானது ஓசோன். லாஸ் ஏஞ்சலஸில் டயர்கள் ஏன் சீக்கிரம் வெடிப்பு விடுகின்றன என்பதற்கும் அதுவே பதில். ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்கும். வளைத்த ரப்பர்த் துண்டு எத்தனை நிமிடத்தில் வெடிப்பு விடுகிறது என்பதை வைத்தே அப்போது ஓசோனை அளந்தார்கள்.

1950களின் தொடக்கத்தில் அவர் இதை வெளியிட்டபோது எண்ணெய்க் கம்பெனிகள் ஏற்கவில்லை. அவர்கள் பணத்தில் ஆய்வு செய்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் அவருடைய முடிவை மறுத்தது. மனுஷன் விடவில்லை. அன்னாசியை ஓரமாக வைத்துவிட்டு முழுமூச்சாக இதிலேயே இறங்கினார். சில வருஷங்களில் அறிவுலகம் அவர் பக்கம் வந்தது. குற்றவாளி ஒரு ஆலை அல்ல. ஊரில் ஓடும் ஒவ்வொரு காரும்தான். அதாவது புகார் கொடுத்தவர்கள்தான் குற்றவாளிகள். இதை ஒப்புக்கொள்ள எந்த ஊருக்கும் நாளாகும்.

1967-இல் கலிபோர்னியா காற்றுவள வாரியம் உருவானது. சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அப்போதைய ஆளுநர் ரொனால்ட் ரேகன். வாரியத்தின் முதல் தலைவர் ஹாகன்-ஸ்மிட். என் டேஷ்போர்டில் எரிந்த விளக்கின் தாய்வீடு இந்த வாரியம்தான்.

தேன்கூடும் மூக்கும்

1970-இன் மத்திய தூய காற்றுச் சட்டம், கார்ப் புகையின் முக்கிய மாசுகளைச் சுமார் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கம்பெனிகள் முடியாது என்றன. 1975 மாடல்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. வெளியே பார்த்தால் சைலன்சர் மாதிரி ஒரு தகர டப்பா. உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்னத் துளைகள், அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலை உயர்ந்த உலோகப் பூச்சு. பெட்ரோலில் ஈயம் இருந்தால் இந்தப் பூச்சு செத்துப்போகும். அதனால்தான் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. இந்தியாவில் இந்தக் கதை 1995 ஏப்ரலில் தொடங்கியது. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அப்போது பங்க்கில் 'அன்லெடட்' என்று தனி பம்ப் வைத்திருந்தது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

முதலில் வந்த கன்வெர்ட்டர்கள் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் மட்டும் எரித்தன. நைட்ரஜன் ஆக்சைடையும் சேர்த்து ஒழிக்க வேண்டுமானால், என்ஜினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7-க்கு 1 என்ற கணக்கை ஒட்டியே இருக்க வேண்டும். கார்பரேட்டரால் அந்தத் துல்லியம் முடியாது. புகைக் குழாயில் ஒரு மூக்கு வேண்டும். அந்த மூக்குதான் ஆக்சிஜன் சென்சார். பாஷ் நிறுவனம் செய்தது. 1976-இல், 1977 மாடல் வோல்வோ கார்களில் முதன்முதலாகச் சாலைக்கு வந்தது. முதலில் விற்ற இடம் கலிபோர்னியா.

அந்த மூக்கு பண்ணுவது எளிமையான வேலை. புகையில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் சுமார் 0.9 வோல்ட், அதிகமாக இருந்தால் சுமார் 0.1 வோல்ட். அதைப் பார்த்துக் கணினி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், மறுபடி கூட்டும். ஒரு விநாடிக்குள் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். காருக்குள் கணினி குடிவந்தது இப்படித்தான், புகைக்காக.

பேப்பர் கிளிப் காலம்

கணினி வந்தால் அதன் பிழையைச் சொல்ல ஒரு வழி வேண்டுமே. 1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் கணினிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. டேஷ்போர்டில் 'செக் என்ஜின்' என்று எழுதிய விளக்கு. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கனெக்டர். அதில் இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் விளக்கு கண் சிமிட்டிக் கோடைச் சொல்லும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. என்ஜின் ஓடவில்லை, நான் விழித்திருக்கிறேன் என்று அர்த்தம். அதற்கப்புறம் உண்மையான புகார்கள் வரிசையாக வரும்.

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஒரே ஒரு பல்பை வைத்து ஒரு மொழியே பேசியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மொழி, ஒரு கனெக்டர், ஒரு கோடு அட்டவணை. தெருமுனை மெக்கானிக் என்ன செய்வார்?

கலிபோர்னியா 1988 மாடல்களிலிருந்து வண்டி தன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும், கோளாறு என்றால் விளக்கு எரிய வேண்டும் என்று விதி போட்டது. இதை இப்போது ஓபிடி-1 என்கிறோம். ஒயர் அறுந்தால் சொல்லும். கன்வெர்ட்டர் செத்தால் சொல்லாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது ஓபிடி-2. 1990-இன் தூய காற்றுச் சட்டத் திருத்தம் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லா சாதாரணக் கார்களுக்கும் கட்டாயம். எல்லா வண்டிக்கும் ஒரே 16 முனை சாக்கெட், டிரைவர் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில். பொதுவான கோளாறுகளுக்கு எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ஐந்தெழுத்துக் கோடு. பழுது பார்க்கத் தேவையான தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதினார்கள். இருபது டாலர் ஸ்கேனர் என் கைக்கு வந்ததற்கு அந்த வரிதான் காரணம். இந்தியாவில் இதே ஏற்பாடு பாரத் ஸ்டேஜ் 4-உடன் 2010-இல் முதல் கட்டமும் 2013-இல் இரண்டாம் கட்டமுமாக வந்தது.

இப்போது அந்த விளக்கின் மனசு புரிகிறது. அதைப் பெற்றவர்கள் என் என்ஜினைப் பற்றிக் கவலைப்படவில்லை. புகை, அந்த மாடலுக்கு அனுமதித்த அளவைப் போலப் பொதுவாக ஒன்றரை மடங்கை எட்டும் அளவுக்கு ஏதாவது கெட்டுவிட்டால் சொல்லு என்பதுதான் அதற்கு இட்ட கட்டளை. வண்டி நன்றாக ஓடும், விளக்கும் எரியும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். (விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் கதை வேறு. பெட்ரோல் எரியாமல் கன்வெர்ட்டருக்குள் போய் அதையே பொசுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓரமாக நிறுத்திவிடுங்கள்.)

பி0420 உண்மையில் சொல்வது

இனி என் கோடு. 'பி' என்றால் என்ஜின், கியர் சமாச்சாரம். 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. முழு வாசகத்தைத் தமிழில் சொன்னால், 'முதல் பக்கக் கன்வெர்ட்டர் அமைப்பின் செயல்திறன் எல்லைக்குக் கீழே' என்று வரும். 'கன்வெர்ட்டரை மாற்று' என்று எங்கேயும் இல்லை. 'அமைப்பு' என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது.

கணினி இதை எப்படித் தெரிந்துகொள்கிறது? புகையை அளக்கும் கருவி எதுவும் வண்டியில் கிடையாது. ஓபிடி-2 செய்ததெல்லாம், கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு ஆக்சிஜன் மூக்கை வைத்ததுதான். நல்ல கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, தேவைப்படும்போது விடும். அதனால் முன்மூக்கு மேலும் கீழும் ஆடினாலும் பின்மூக்கு 0.6, 0.7 வோல்ட் பக்கம் அமைதியாக இருக்கும். பின்மூக்கும் முன்மூக்கு மாதிரியே ஆட ஆரம்பித்தால், கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடிக்கவில்லை, ஆகவே வேலை செய்யவில்லை என்று கணினி ஊகிக்கிறது. இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து அப்படித் தெரிந்தால்தான் விளக்கைப் போடும். கவனித்தீர்களா, இது ஊகம். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம். பின்மூக்கு ஆடுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

ஸ்கேனரில் நேரடி அளவுகளை ஓடவிட்டுப் பார்த்தேன். பின்மூக்கு ஆடியது, ஆனால் முன்மூக்கின் தாளத்தில் ஆடவில்லை. கொஞ்ச நேரம் அமைதி, திடீரென்று கீழே ஒரு விழுகை, மறுபடி அமைதி. பெட்ரோல் திருத்தக் கணக்கு இரண்டு சதவீதத்துக்குள் இருந்தது. கலவை சரி. சிலிண்டர் எதுவும் எரியாமல் விடவில்லை. கீழே விழுகிறது என்றால் அந்த நொடியில் ஆக்சிஜன் கூடுகிறது. எங்கிருந்து?

புகைக் குழாயில் ஓட்டை இருந்தால் புகை வெளியேதானே போகும் என்று நினைப்போம். நானும் நினைத்தேன். ஆனால் புகை சீராகப் போவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் அழுத்தம் இறங்கும்போது, அதே ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் பின்மூக்கை ஏமாற்றும். அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. ரொம்ப நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வண்டிக்கு அடியில் டிக் டிக் என்று ஒரு சத்தம். சூடானதும் குறைந்துவிடும். வயசான வண்டி, முனகுது என்று விட்டிருந்தேன்.

ஓட்டையைக் கண்டுபிடித்த விதம் எங்கள் ஊர் சைக்கிள் கடை விதம். ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கிக் குமிழி பார்ப்போம் இல்லையா, அதேதான். என்ஜின் நன்றாக ஆறின பிறகு, குப்பை உறிஞ்சும் வேக்குவம் மெஷினின் காற்று வெளியேறும் பக்கத்தை சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகினேன். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பெண் சோப்புத் தண்ணீர் பாட்டிலால் ஒவ்வொரு இணைப்பாக அடித்துக்கொண்டே வந்தாள். முன்மூக்குக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் இருக்கும் ஃபிளாஞ்சில் அவள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, இங்க பொங்குது!" கேஸ்கெட் ஒரு பக்கம் அரித்துப்போய், சுற்றிலும் கரி படிந்திருந்தது.

கேஸ்கெட் விலை 14 டாலர். துருப்பிடித்த போல்ட்டை ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவைத்தும் ஒன்று உடைந்தது. அதை எடுக்க ஒரு சனிக்கிழமை போனது.

குறுக்கு வழி

இந்த நடுவில் ஒரு சபலம் இருந்ததை மறைக்கக் கூடாது. பின்மூக்கைக் குழாயிலிருந்து ஒரு அங்குலம் வெளியே தள்ளி வைக்கும் சின்ன உலோகத் துண்டு பன்னிரண்டு டாலருக்குக் கிடைக்கிறது. மூக்குக்குப் புகை சரியாகப் படாது, அதனால் ஆடாது, விளக்கு எரியாது. சட்டப்படி தப்பு. ஆனால் சோதனையில் யாரும் வண்டிக்கு அடியில் உன்னிப்பாகப் பார்ப்பதில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். 2,400 டாலர் என்று கேட்ட அன்று ராத்திரி அதைக் கூடையில் போட்டு வைத்திருந்தேன்.

வாங்காமல் இருந்ததற்கு நான் ஒன்றும் உத்தமன் என்பது காரணமில்லை. கணினியை இப்படி ஏமாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் வெளியான ஃபோக்ஸ்வேகன் விவகாரம். சோதனைக்கூடத்தில் இருக்கிறோமா, சாலையில் இருக்கிறோமா என்று மென்பொருளே கண்டுபிடித்து, சோதனையில் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்கள். அந்த முடிச்சு அவிழக் காரணமானது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு. அளக்கும் கருவிகளை டிக்கியில் வைத்துக் கட்டி நிஜச் சாலையில் ஓட்டினார்கள். ஒரு ஜெட்டா கார் விட்ட நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல 15 முதல் 35 மடங்கு. அந்தக் குழுவில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம். அந்தப் பெயரைப் பார்த்தபோது ஒரு சின்னப் பெருமை. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. அந்த ஏமாற்று மென்பொருளை எழுதியதும் என்னைப் போல ஒரு என்ஜினியர்தானே. 'டாஷ்போர்டு பச்சையா இருந்தா போதும்' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த வாக்கியத்தை நானும் ஆபீசில் கேட்டிருக்கிறேன். ஒருமுறை சொல்லியும் இருக்கிறேன்.

இரண்டாவது காரணம் வீட்டிலேயே இருந்தது. என் பெண் ஐந்து வயது வரை இழுப்பால் கஷ்டப்பட்டவள். ராத்திரியில் நெபுலைசர் மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவளைத் தோளில் போட்டு நடந்த நாட்கள் உண்டு. அதற்கும் என் வண்டிப் புகைக்கும் முடிச்சுப் போட எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவள் ஓட்டப்போகும் வண்டியில் அந்தத் துண்டை மாட்ட கை வரவில்லை.

தேர்வு

கோடை அழித்துவிட்டு நேராகச் சோதனைக்குப் போக முடியாது. அழித்தால் வண்டி எல்லாச் சுயசோதனைகளையும் முதலிலிருந்து முடிக்க வேண்டும். 2000 மற்றும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிகளுக்கு பெட்ரோல் ஆவிச் சோதனை ஒன்று மட்டும் பாக்கி இருக்கலாம், மற்றதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் ஸ்டார்ட், கொஞ்சம் நகரம், கொஞ்சம் நெடுஞ்சாலை என்று ஒன்பது நாள் ஓட்டினோம். கன்வெர்ட்டர் சோதனை கடைசியில்தான் முடிந்தது. அந்த ஒன்பது நாளும் வீட்டில் எல்லோரும் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சமையலறையிலிருந்து மனைவி, "பாஸா ஃபெயிலா, இன்னிக்காவது சொல்லுங்க" என்பாள்.

பாஸ். கேஸ்கெட் 14 டாலர், அவசரப்பட்டு வாங்கின சென்சார் 96 டாலர். கன்வெர்ட்டர் பதினெட்டு வயதிலும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. நாளைக்கே அது உண்மையிலேயே போகலாம். அப்போது அதே பி0420 வரும், அப்போது மாற்றுவேன். உங்கள் வண்டியில் இந்தக் கோடு வந்தால் கேஸ்கெட்தான் என்று நான் சொல்ல வரவில்லை. கன்வெர்ட்டராகவே இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு. காசு கொடுப்பதற்கு முன் நேரடி அளவுகளைப் பாருங்கள், ஒழுகலைப் பாருங்கள். கடைக்காரர் இரண்டையும் பார்த்தாரா என்று கேளுங்கள்.

பெண் கிளம்பிய அன்று காலை வானம் தெளிவாக இருந்தது. எங்கள் தெருவிலிருந்து வடக்கே பார்த்தால் சான் கேப்ரியல் மலை தெரியும். 1950களில் மாதக்கணக்கில் இந்த மலையே தெரியாமல் வாழ்ந்த தலைமுறை இங்கே இருந்திருக்கிறது. இன்றைக்கும் இந்த ஊர்க் காற்று சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. கோடையில் ஓசோன் எச்சரிக்கை வரத்தான் செய்கிறது. ஆனால் அன்றைக்கு மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

அவள் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு நொடி எரிந்தன, மஞ்சள் விளக்கும்தான். பல்பு உயிரோடு இருக்கிறது என்று காட்ட அப்படி எரிய வேண்டும் என்பதும் விதி. என்ஜின் பிடித்ததும் அணைந்தது. "அப்பா, டிக் டிக் சத்தம் காணோம்" என்றாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னேன்.